இருட்டில் திறந்திருக்கும் கதவுகள்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். முப்பத்திரண்டு வயது வரைக்கும், இருட்டு என்றால் உலகத்தில் எவர் கண்ணுக்குமே ஒன்றும் தெரியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். எல்லோரும் என்னை மாதிரியே குத்துமதிப்பாகத்தான் காலெடுத்து வைக்கிறார்கள், ஆனால் என்னைவிடத் தைரியசாலிகள், அவ்வளவுதான் வித்தியாசம் என்பது என் கண்டுபிடிப்பு. இப்படி ஒரு மடையன், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கண்ணை வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தான்.

அறிகுறி இல்லாமல் இல்லை. படம் ஆரம்பித்த பிறகு தியேட்டருக்குள் நுழைந்து, ஒரு பெரியவர் மடியில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறேன். அவர் எழுந்திருக்கச் சொன்னபோது, "சீட்டு மெத்துனு இருந்துச்சுங்க, அதான் யோசிக்கல" என்றேன். அந்த வரிசையே சிரித்தது. அன்றைக்கு ஒரு பாடம் கற்றேன்: விழுந்தால் மற்றவன் சிரிப்பதற்குள் நாம் சிரித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு நான் சாக்கடையில் கால் விட்டதும் வேடிக்கை, கல்யாண மண்டபத்துப் பந்தல்காலைக் கட்டிப்பிடித்ததும் வேடிக்கை. வானம் பூராவும் நட்சத்திரம் என்று யாராவது சொன்னால், அதுவும் கல்யாணத்துக்கு ஊரே திரண்டு வந்தது என்கிற மாதிரிப் பேச்சு என்று விட்டுவிடுவேன். நான் பார்த்த வானத்தில் நாலைந்து இருக்கும்.

கல்யாணமான புதிதில் இன்னொன்று கவனித்தேன். பகலில் கோயிலுக்குப் போனால் என் மனைவி இரண்டடி தள்ளித்தான் நடப்பாள். பொழுது சாய்ந்துவிட்டால் வந்து என் இடது முழங்கையைப் பிடித்துக்கொள்வாள். "படி இருக்குதுங்க", "கல்லு கெடக்குதுங்க" என்று ஏதாவது பேசிக்கொண்டே வருவாள். புருஷன் மேல் அவ்வளவு பிரியம், பகலில் கூச்சம், சாயங்காலம் ஆனால் பொங்கி வருகிறது என்று கூட்டாளிகளிடம் பெருமையடித்தேன். அவர்களும் பொறாமைப்பட்டார்கள், பாவம்.

என் வேலை ஷேட் பார்ப்பது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாயப்பட்டறையிலிருந்து துணி ரோல் ரோலாக வரும். எல்லாம் ஒரே கருநீலம் என்றுதான் சீட்டு சொல்லும். ஆனால் இரண்டு தடவை சாயம் போட்டால் அது இரண்டு நீலம். மயிரிழை வித்தியாசம். ஒரு ரோலில் உடம்பை வெட்டி இன்னொரு ரோலில் கையை வெட்டித் தைத்துவிட்டால், சட்டையைப் போட்டவனுக்கு வேறு யாருடைய கையையோ ஒட்டவைத்த மாதிரி இருக்கும். அதனால் ஒவ்வொரு ரோலிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, ரோல் நம்பரை சாக்பீஸால் அதன் மேல் எழுதி, சாம்பல் நிறம் பூசிய விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்து, ஒத்துப்போகிறவற்றைத் தனித்தனிக் கூட்டமாகப் பிரிக்க வேண்டும். பிறகு எந்தக் கூட்டம் என்று அதிலேயே குறித்து, அந்தத் துண்டுகளை அதனதன் ரோலில் திரும்பக் குத்திவைக்க வேண்டும். எந்தக் கூட்டத்து ரோலோ அந்தக் கூட்டத்தோடுதான் கட்டிங் மேசைக்குப் போகும். ஷேட் பார்க்கிற எங்கள் சாதிசனத்தில் பெரிய பாவம் என்று ஒன்று உண்டென்றால் அது ஷேட் கலப்பதுதான்.

விளக்குப் பெட்டி இருந்த அறை இருட்டறை. மற்றவர்கள் கதவைச் சாத்திவிட்டு விளக்கைப் போடுவார்கள். நான் விளக்கைப் போட்டுவிட்டுத்தான் கதவைச் சாத்துவேன். கேட்டால், டியூப் சூடேறினால்தான் நிறம் சரியாகத் தெரியும் என்பேன். அது உண்மையும்கூட. கம்பெனியே அதைப் பின்பற்ற ஆரம்பித்துவிட்டது. ஒரு பயந்தாங்கொள்ளியின் சாக்கு எப்படித் தொழில்நுட்பம் ஆகிறது பாருங்கள்.

என்னோடு ஷேட் பார்த்தவர் தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த ஒரு அம்மா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், ஆனாலும் என்னை அண்ணாச்சி என்பார். நான் ஒரு துண்டை நிமிஷக்கணக்கில் முறைத்துக்கொண்டிருப்பேன். அவர் கோழி கொத்துகிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்வார். முறைத்தால் கண் ஏமாற்றும் என்பது அவர் கட்சி. பெரும்பாலும் அவர்தான் சரியாக இருப்பார்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் பட்டப்பகலில் கரண்ட் போய்க்கொண்டிருந்தது ஞாபகமிருக்கும். அப்படி ஒரு நாள், துணி குடோனில் இருபது ரோல் கருநீலத்தைப் பிரித்து முடித்து, துண்டுகளைத் திரும்பக் குத்திக்கொண்டிருந்தோம். கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடுகிற வழியாகத் தெரியவில்லை. குடோனுக்குச் சுவர் உச்சியில் நாலு வெண்டிலேட்டர், அதிலும் பாதியை அடுக்கிவைத்த ரோல் மறைத்திருந்தது.

எனக்கு எல்லாம் கறுப்பு. ஆனால் சுற்றிலும் வேலை நடக்கிற சத்தம் கேட்கிறது. ரோல் உருட்டுகிறார்கள், ஊசி குத்துகிறார்கள், வடக்கேயிருந்து வந்த பையன்கள் இந்தியில் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள். அடேயப்பா, தடவியே இவ்வளவு வேலை பார்க்கிறார்களே, நாம் மட்டும் ஏன் சும்மா நிற்பது என்று ரோசம் வந்தது. கையிலிருந்த துண்டுகளை, எந்த வரிசையில் எடுத்தோம் என்ற ஞாபகத்தை வைத்து ஒவ்வொரு ரோலாகத் தடவித் தடவிக் குத்திவிட்டேன். ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தபோது வேலை முடிந்திருந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

மத்தியானம் கட்டிங் மேசையில் துணியை விரித்தால், அடுக்கின் விளிம்பு வரிக்குதிரை மாதிரி இருந்தது. நல்லவேளை, கத்தி படவில்லை. எல்லாவற்றையும் பிரித்து மறுபடி முதலிலிருந்து. மேனேஜர் என்னைத் திட்டியதை எழுதினால் நீங்கள் ரசிப்பீர்கள் என்பதால் எழுதவில்லை.

அந்த அம்மா மட்டும் திட்டவில்லை. தன் மேலும் தப்பு உண்டு என்றார். நான் ஏழாம் நம்பர் துண்டை எடுத்துப் பன்னிரண்டாம் ரோலில் குத்துவதை அவர் பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறார்.

"பாத்தீங்களா? அப்பறம் ஏனுங்க சொல்லல?"

"நீங்க வெளயாடுதியன்னுல்லா நெனச்சேன், அண்ணாச்சி."

எனக்கு அது உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. நான் விளையாடினேன் என்று அவர் நினைத்தது அல்ல, பார்த்தேன் என்று அவர் சொன்னது. அந்த இருட்டில், கருநீலத் துணியில், சாக்பீஸ் எழுத்தை. உங்களுக்கு அதெல்லாம் தெரிந்ததா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மறுபடி குடோனுக்குக் கூட்டிப்போய், விளக்கை அணைத்தார். கையில் எத்தனை விரல் காட்டுகிறேன் என்றார். பழக்க தோஷம், ஏழு என்றேன். சிரிப்புச் சத்தம் வரவில்லை. அவர் கையே நீட்டவில்லையாம். ரோல் மேல் உட்கார்ந்து சோற்று டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாராம். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

திருப்பூர்க் கண் டாக்டர் ரொம்ப நேரம் விளக்கடித்துப் பார்த்தார். மாலைக்கண் மாதிரித்தான் என்றார். ஆனால் அதில் வகை உண்டாம். ஒரு வகையில், பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி ஆகி, கடைசியில் அதுவும் போய்விடலாம். இன்னொரு வகை, பிறந்ததிலிருந்து எப்படி இருக்கிறதோ அப்படியே நின்றுவிடும். எந்த வகை என்று கோயம்புத்தூரில் ஒரு பரிசோதனை செய்தால்தான் சொல்ல முடியும். இரண்டு வாரம் கழித்துத்தான் தேதி கிடைத்தது. துணைக்கு ஆள் கூட்டிவரச் சொன்னார்கள். போட்டிருக்கிற கண்ணாடியை மாற்ற வேண்டும், நீயும் வா என்று மனைவியிடம் சொல்லிவைத்தேன். சரிங்க என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த இரண்டு வாரம் நான் செய்த கோமாளித்தனம் கொஞ்சமல்ல. கண் போய்விட்டால் என்ன வேலை செய்வது என்று, கண்ணை மூடிக்கொண்டு துணியைத் தொட்டுப் பார்த்துப் பழகினேன். ரிப், இன்டர்லாக், சிங்கிள் ஜெர்சி என்று பின்னல் வகை எல்லாம் விரலுக்குத் தெரிந்தது. ஆனால் நிறம் விரலுக்குத் தெரியாது. சிவப்பு மட்டும் கொஞ்சம் சூடாக இருக்காதா என்று தடவித் தடவிப் பார்த்தேன். இல்லை. வீட்டில் மனைவி வெங்காயம் நறுக்கும்போது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், மாதிரித் துண்டை மனப்பாடம் செய்கிற மாதிரி. என்னவென்று கேட்டாள். உன் ஷேட் மாறியிருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றேன். சட்டியைத் தேய்க்கிற நாரை என் மேல் எறிந்தாள். அனுப்பர்பாளையத்தில் வாங்கிய பித்தளைக் குடம் அவளுக்குப் பின்னால் மின்னிக்கொண்டிருந்தது. அதையும் மனப்பாடம் செய்தேன்.

கோயம்புத்தூரில் கண்ணுக்கு மருந்து விட்டு, ஒரு அறையில் உட்காரவைத்து, விளக்கை அணைத்தார்கள். அரை மணி நேரம் இருட்டிலேயே இருக்க வேண்டுமாம். எனக்கு அந்த அறை பழகின அறை. முப்பத்திரண்டு வருஷமாக நான் இருந்த அறைதான். ஒன்றும் தெரியவில்லை, ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்தபடி உட்கார்ந்திருந்தேன். பிறகு கண்ணின் மேல் மெல்லிய கம்பி ஒன்றைப் படிய வைத்து, பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடித்தார்கள். கண் தருகிற மின்சாரத்தை அந்தக் கம்பி எடுத்துக் கோடாகப் போட்டுக் காட்டும். என் கண்ணுக்குள் கரண்ட் ஓடுகிறது என்பதே எனக்குப் புதுச் செய்தி. எங்கள் கம்பெனியில் இல்லாதபோதும் அங்கே இருந்திருக்கிறது.

டாக்டரம்மா நல்ல பேச்சுக்காரர். கோடு வந்த தாளைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு செல்லை வரைந்தார். வெளிச்சத்தைப் பிடிக்கிற செல். ஒல்லியாக, நெட்டையாக, ஒரு கம்பு மாதிரி. தலைப்பாகத்தில் நூற்றுக்கணக்கான தட்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. பேக்கிங் செக்‌ஷனில் மடித்து அடுக்கின சட்டை மாதிரி என்றேன். அப்படியே வைத்துக்கொள்ளுங்க என்றார்.

அந்தத் தலைப்பாகத்தைச் சுற்றியிருக்கிற தோலில் மிகச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. உப்புத் துகள் மட்டும் நுழைகிற அளவுக் கதவுகள். நான் என்ன நினைத்தேன் என்றால், வெளிச்சம் பட்டால் கதவு திறக்கும், சேதி உள்ளே போகும். எந்த மடையனும் அப்படித்தான் நினைப்பான். நேர்மாறாம். இருட்டில்தான் கதவுகள் திறந்து கிடக்கின்றன. தலைப்பாகத்தில் உப்பு உள்ளே வருகிறது, நடுப்பாகத்தில் இருக்கிற வேறு வகைக் கதவுகள் வழியாக வேறு உப்பு வெளியே போகிறது. அப்படி ஒரு மின்சாரம் இருட்டு பூராவும் மேலும் கீழுமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வெளிச்சம் பட்டதும் மேல் கதவுகள் சாத்திக்கொள்கின்றன. அந்த ஓட்டம் குறைவதுதான் சேதி.

  ஒன்றும் நடக்கவில்லை என்று நான் உட்கார்ந்திருந்த அந்த அரை மணி நேரமும், கண்ணுக்குள்ளே கோடிக்கணக்கான கேட் திறந்து முழு ஷிப்ட் ஓடியிருக்கிறது. வெளிச்சம் வந்ததும், சங்கு ஊதின மாதிரிச் சாத்தியிருக்கிறது. பார்ப்பது என்றால் என்ன என்று நினைத்திருந்தோமோ, அது ஒரு வேலை நிற்பது. வெளிச்சத்தின் ஒரே ஒரு பொட்டு, அதற்கு மேல் உடைக்க முடியாத பொட்டு, அது வந்து பட்டால்கூட அந்தச் செல்லுக்குத் தெரியுமாம்.

டாக்டரம்மா அதோடு விடவில்லை. செல்லின் அடிப்பாகத்தை, காலை, பேனாவால் வட்டமிட்டார். இங்கே மூன்றாவது வகைக் கதவு, சுண்ணாம்புச் சத்துக்கான கதவு. இருட்டில் இது திறந்திருக்கும்போது, ஒரு ரசாயனம் அடுத்த செல்லின் மேல் சொட்டிக்கொண்டே இருக்கும். மேலே கதவு சாத்தினால் இதுவும் சாத்திக்கொள்ளும், சொட்டு நிற்கும், அடுத்த செல் விழித்துக்கொள்ளும். தலையில் இருக்க வேண்டிய கதவு தலையில்தான், நடுவில் இருக்க வேண்டியது நடுவில்தான், காலில் இருப்பது காலில்தான். இடம் மாறினால் பார்வை இல்லை.

அதை யார் இடம் பார்த்து வைக்கிறார்கள் என்று கேட்டேன். எல்லாக் கதவும் நடுப்பாகத்தில்தான் தயாராகிறதாம். ஒவ்வொன்றின் உடம்பிலேயே அது போக வேண்டிய இடத்துக்கான அடையாளம் இருக்கிறதாம். மேலே போக வேண்டியது ஊசித்துளை மாதிரி ஒரு கழுத்து வழியாக மேலே போகிறது, மற்றது கீழே போகிறது. அதுவும் ஒரு தடவை வைத்ததோடு தீர்வதில்லை. தலையின் நுனி தினமும் கொஞ்சம் உதிர்கிறது, அடியிலிருந்து தினமும் புதிதாக வளர்கிறது. பத்து நாளில் அந்த அடுக்கு முழுக்கப் புதுசு. ஆக, தினமும் புது லாட் வருகிறது, தினமும் பிரித்து அனுப்புகிறார்கள். விளக்குப் பெட்டி இல்லை, சாக்பீஸ் இல்லை, திட்டுவதற்கு மேனேஜர் இல்லை. நான் பிறந்த நாளிலிருந்து ஒவ்வொரு செல்லிலும் இது நடக்கிறது. இருபது ரோலைக் கலந்துவிட்டவன் அந்தப் படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். டாக்டரம்மா தன்னைக் கும்பிடுவதாக நினைத்து, பரவாயில்லைங்க என்றார்.

பிறகு தாளைத் திருப்பினார். கோடு முதலில் கீழே இறங்கியிருந்தது. நல்ல ஆழமாகவே. அது மேல் கதவுகள் சாத்துவதன் அடையாளமாம். அதற்குப் பின் கோடு மலை மாதிரி ஏற வேண்டும், அடுத்த செல் விழித்துக்கொள்வதன் அடையாளம். என் தாளில் அந்த மலை வெறும் மேடாக இருந்தது.

"உங்க செல்லு வெளிச்சத்தப் பாக்குதுங்க. பாத்தத அடுத்தவங்களுக்குச் சொல்ற எடத்துலதான் கோளாறு."

அநேகமாகக் கால் பக்கத்துக் கதவில்தான் பிறவிக் குறை என்றார். தலைப்பாகம் நன்றாக இருக்கிறது, உதிர்ந்து அழிகிற ஜாதி இல்லை. கோளாறு அதிகமாகாது, பார்வை சுருங்காது, இப்படியே இருக்கும். பகல் வெளிச்சத்து வேலைக்குப் பங்கமில்லை, இந்தக் கண்ணாடி போதும். வருஷத்துக்கொரு முறை வந்து காட்டச் சொன்னார். இது பெரும்பாலும் அம்மா வழியில் ஆண்களுக்கு வருவது, யாருக்காவது இருந்ததா என்றும் கேட்டார். குன்னத்தூரில் என் அப்புச்சி, அம்மாவைப் பெற்றவர், பொழுது இறங்குவதற்குள் ஊடு வந்து சேர்ந்துவிடுவார். பேய்க்குப் பயம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நாங்களும் சிரித்தோம். மனுஷன் எங்கெங்கே விழுந்து எழுந்து அந்தச் சிரிப்பைக் கற்றாரோ.

வெளியே பெஞ்சில் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் பை, பைக்குள் தண்ணீர் பாட்டில், அவளுடைய இரண்டு கையும் அதன் மேல் இறுகியிருந்தன. கண்ணாடி அதேதான், மாற்ற வேண்டாமாம் என்றேன். தலையாட்டினாள்.

ஊர் திரும்ப அவிநாசி பஸ்ஸில் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். குடோன், இருபது ரோல், திருப்பூர் டாக்டர் சொன்ன குழாய்ப் பார்வை, இரண்டு வாரம் மறைத்தது, எல்லாம். பிறகு, அதிகமாகாது, அப்படியே நிற்கும் என்று சொன்னார்கள் என்பதையும். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முந்தானை நுனியால் கண்ணைத் துடைத்தாள். ஜன்னலில் தூசி வருகிறது என்றாள். ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

எனக்கோ பேச்சு நிற்கவில்லை. மருந்து விட்ட கண் கூசக் கூச, டாக்டரம்மா வரைந்த செல்லை அவள் உள்ளங்கையில் விரலால் வரைந்து காட்டினேன். இது தலை, இது நடு, இது கால். இருட்டில் கதவெல்லாம் திறந்திருக்கும் புள்ள, இந்தப் பஸ்ஸில் இருக்கிற எல்லார் கண்ணுக்குள்ளும், அந்தக் கண்டக்டர் கண்ணுக்குள்ளும்கூட. அவர் திரும்பிப் பார்த்தார். தினமும் புதுக் கதவு, தினமும் சரியான இடம், ஒன்றுகூடக் கலப்பதில்லை. எனக்கு மட்டும் அடியில் ஒரு கதவு சரியாகத் திறக்கவில்லை. அதனால்தான் பார்க்கிறதெல்லாம் உள்ளேயே நின்றுபோகிறது. கருமத்தம்பட்டி தாண்டியும் பேசினேன்.  அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அவிநாசியில் இறங்கும்போது பொழுது போயிருந்தது. அவள் முதலில் இறங்கி, திரும்பி நின்று, என் இடது முழங்கையைப் பிடித்தாள். ஏழு வருஷமாகப் பிடித்த அதே இடம். பஸ்ஸின் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"ஏம்புள்ள, உனக்கு இது எப்ப இருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"படி இருக்குதுங்க."